கூட்டமும் காசும்: ஒளிப்பட, காணொலிச் செயலிகளின் சந்தைப் போக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கக் காண்கிறோம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் நிறுவிய அப்படக்கூடம் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' (1938) அந்நிறுவனத்தின் படைப்பேயாகும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் எனக் குறிக்கப்பெறும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கிருந்தே வெளிவந்தது. நடிகர், எழுத்தாளர், ஒளிப்பதிவாளர் எனப் பலரும் மாதச் சம்பளத்திற்கு அங்கே பணியாற்றினர். படம் பார்ப்பவர் கொட்டகை வாயிலில் சீட்டு வாங்கினார்; அந்தக் காசு கொட்டகைக்காரர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் எனக் கைமாறிப் படைத்தவரை வந்தடைந்தது. எவர் எவருக்கு எதற்காகப் பணம் தருகிறார் என்பதில் ஐயத்திற்கு இடமிருந்ததில்லை.

இன்று அதே ஊரில், கையில் திறன்பேசி உள்ள ஒவ்வொருவரும் ஒரு சிறு படக்கூடத்திற்கு உரிமையாளர். படம் எடுக்கவும், வெட்டவும், ஒட்டவும், இசை சேர்க்கவும், உலகெங்கும் அனுப்பவும் செயலிகள் உள்ளன. பார்ப்பவர் சீட்டு வாங்குவதில்லை. எடுப்பவர்க்குச் சம்பளமும் இல்லை. எனினும் இத்துறையில் ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி ரூபாய் புரள்கிறது. அப்பணம் எங்கே பிறக்கிறது, யாரிடம் சேர்கிறது, ஒரு செயலி ஓங்குவதும் மறைவதும் எதனால் என்பனவற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'காணொளி' என்பாரும் 'காணொலி' என்பாரும் நம்மிடையே உளர்; காட்சியும் ஒலியும் கூடியது ஆதலின் பின்னதையே நாம் மேற்கொள்கிறோம். 'செல்ஃபி' என்பதற்குத் 'தம்படம்', 'சுயமி' எனச் சொற்கள் ஆக்கப்பெற்றும் மக்கள் வாயில் செல்ஃபியே நிலைத்துவிட்டது.

ஒளிப்படத் தொழிலின் பழைய வரலாறு இங்கே நீளமாக வேண்டுவதில்லை. நீலகிரியில் 1960-இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் படச்சுருளும் படத்தாளும் செய்து நாடெங்கும் அனுப்பியது. பின்னர் அது நலிந்து மறைந்ததை நாம் அறிவோம். உலகளவில் கோடக் நிறுவனம் 2012 ஜனவரியில் நொடிப்பு மனு அளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தோன்றி இரண்டாண்டுகளும் நிறையாத, 13 பணியாளர்களே கொண்ட இன்ஸ்டாகிராம் என்னும் ஒளிப்படச் செயலியை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. படச்சுருள் விற்றவன் வீழ்ந்தான். படத்தைக் காட்டும் இடத்தை வைத்திருந்தவன் வென்றான். அந்த நான்கு மாதங்களுக்குள் சந்தையின் போக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது எனினும் தகும்.

நம் பகுதியில் இச்சந்தை விரிந்ததற்குக் காரணம் செயலிகள் அல்ல, இணையத்தின் விலையே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2014-இல் ஒரு ஜி.பி. தரவுக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆயிற்று. 2018-இல் அது 11 ரூபாய் 78 காசாக இறங்கியது. இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியதே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். அதற்கு முன் ஒரு பாடற்காட்சி வேண்டுமாயின் கைப்பேசிக் கடைக்குச் சென்று நினைவு அட்டையில் பணம் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்த மக்கள், அதன்பின் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே காணொலிகளைப் பார்த்துத் தள்ளலாயினர். பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடங்களிலும், நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் காணொலி எடுப்பார் தோன்றினர்.

இனி, ஒரு செயலியின் வெற்றியை எவ்வாறு அளப்பது? நாளிதழ்கள் பெரும்பாலும் பதிவிறக்க எண்ணிக்கையையே தருகின்றன. இத்தனை கோடிப்பேர் இறக்கிக்கொண்டனர் எனக் கேட்கும்போது நமக்கு மலைப்பு உண்டாகிறது. நாமக்கல்லில் ஒருவரிடம் எத்தனை லாரிகள் உள்ளன என்று மட்டும் கேட்டு அவருடைய வருவாயைக் கணக்கிட்டால், அவ்வூரார் நம்மைப் பார்த்து நகைப்பர். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா? போகும்போது சுமை உண்டு, வரும்போது உண்டா? டீசலும் சுங்கமும் தவணையும் போக என்ன மிச்சம்? இவற்றைக் கேட்டறிந்த பின்னரே அவர்கள் ஒருவரைத் தொழிலில் நல்ல நிலையில் உள்ளார் என்பர். செயலிகளுக்கும் இஃது ஒக்கும். இறக்கிய பின் எத்தனைபேர் நாள்தோறும் திறக்கின்றனர், எவ்வளவு நேரம் தங்குகின்றனர், ஒருவரால் வரும் வருவாய் எவ்வளவு, அவரைக் கொண்டுவர ஆன விளம்பரச் செலவு எவ்வளவு என்பனவே உண்மையான அளவைகள்.

மேலும், பதிவிறக்க எண்ணிக்கைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து மதிப்பிடப்பெறுபவை. சென்சார் டவர், ஆப் ஆனி முதலிய நிறுவனங்கள் இம்மதிப்பீட்டையே தொழிலாகக் கொண்டவை. கைப்பேசியோடு ஒட்டிவரும் செயலிகள் இக்கணக்கில் அடங்குவதில்லை. ஷேர்இட் போன்றவற்றின் வாயிலாக ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு இணையமின்றியே செயலிகளைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருந்தது. அதுவும் கணக்கில் வாராது. கணக்கெழுதுவோர் மீதே வழக்கு வந்ததும் உண்டு. செயலி நிறுவனங்கள் தம்மை நம்பி அளித்த மறைவான தரவுகளை, அளித்த வாக்குறுதிக்கு மாறாகத் தம் மதிப்பீடுகளில் கலந்து முதலீட்டாளர்க்கு விற்றதாக ஆப் ஆனி மீது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. 2021 செப்டம்பரில் அந்நிறுவனமும் அதன் இணை நிறுவனரும் ஒரு கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்து அவ்வழக்கை முடித்துக்கொண்டனர். எனவே இத்துறை எண்களைக் கையாளும் மாணவர்கள் அவற்றைத் தராசின் எடை என்று கொள்ளாது, களத்து மேட்டில் குவியலைப் பார்த்துச் சொல்லும் மதிப்பு என்றே கொள்ளல் வேண்டும்.

அத்தகைய மதிப்பீடு ஒன்றை இங்கே விரிவாக நோக்குவோம். சென்சார் டவர் 2020 ஏப்ரல் இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, டிக்டாக் செயலி அதுவரை உலகெங்கும் 200 கோடி முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 61 கோடியே 10 இலட்சம், அதாவது நூற்றுக்கு முப்பதுக்குச் சற்று மேல், இந்தியாவினுடையவை. சீனம் உட்பட வேறெந்த நாடும் அருகில் வரவில்லை. ஆனால் அதே அறிக்கையில் செயலிக்குள் மக்கள் செலவிட்ட பணத்தின் கணக்கும் உள்ளது. மொத்தம் சுமார் 45 கோடியே 67 இலட்சம் டாலர். அதில் சீனத்தின் பங்கு நூற்றுக்கு 72, அமெரிக்காவின் பங்கு 19, அடுத்து வந்த பிரிட்டனின் பங்கு 2. கூட்டத்தில் முதலிடம் பெற்ற நாடு காசில் முதல் மூன்று இடங்களுக்குள்ளும் இல்லை. இக்கணக்கில் விளம்பர வருவாய் சேரவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். அதைச் சேர்த்தாலும் நிலைமை தலைகீழாக மாறியிராது. ஏனெனில் நம் நாட்டுப் பார்வையாளர்க்கு விளம்பரதாரர் தரும் விலை மேலைநாட்டு விலையில் ஒரு சிறு பங்கே.

அவ்வாறாயின் அந்நிறுவனம் ஏன் இந்தியாவை அவ்வளவு விரும்பியது? கூட்டமே ஒரு முதல். கோடிக்கணக்கானோர் எந்தக் காணொலியில் நின்றனர், எதைத் தள்ளினர் என்பதைக் கண்டு கற்கும் பொறியமைவுக்கு அக்கூட்டம் நாள்தோறும் பாடம் நடத்துகிறது. நாளை விளம்பரச் சந்தை வளரும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. மதுரையில் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஏப்ரல் நடுவில் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து அச்செயலி நீக்கப்பட்டது. நாளொன்றுக்கு 5 இலட்சம் டாலர் வரை இழப்பு நேர்வதாக நிறுவனம் நீதிமன்ற ஆவணத்தில் தெரிவித்தது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. முன்பே இறக்கி வைத்திருந்தவர்க்கு அந்நாள்களிலும் செயலி இயங்கியதால், நம் மாவட்டத்துக் காணொலி எடுப்போர் பலர் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது வேறு. கல்வான் மோதலுக்குப் பின், 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-அ பிரிவின்கீழ் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் மட்டுமன்று, ஹெலோ, லைக்கீ, விகோ வீடியோ, விமேட் ஆகிய காணொலிச் செயலிகளும், பியூட்டிபிளஸ், யூகேம் மேக்கப் முதலிய ஒளிப்பட ஒப்பனைச் செயலிகளும், காணொலி வெட்டப் பயன்பட்ட விவாவீடியோவும், மேற்கூறிய ஷேர்இட்டும் அப்பட்டியலில் இருந்தன. எடுக்கும் கருவி, திருத்தும் கருவி, காட்டும் இடம், கைமாற்றும் வழி அனைத்தும் ஒரே உத்தரவில் மறைந்தன. இம்முறை செயலியே இயக்கம் நின்றது. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பயனர்களைக் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மேடை அது. அங்கே பத்தாயிரம், இலட்சம் எனப் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்த உழவரும் தறிக்காரரும் வண்டியோட்டிகளும், அவருள் ஒருவரின் தொலைபேசி எண்ணைக்கூடத் தம் கையில் வைத்திருக்கவில்லை. நாட்டின் பாதுகாப்பு பற்றிய அரசின் முடிவை நாம் இங்கே ஆராயவில்லை. நாம் சுட்ட விரும்புவது வேறு: வாடகை நிலத்தில் வீடு கட்டியவர்க்கு வாடகைச் சீட்டும் இல்லாதிருந்தது என்பதே அது.

வெற்றிடம் உண்டானதும் உள்நாட்டுச் செயலிகள் விரைந்தன. பெங்களூரில் 2015-இல் ஐ.ஐ.டி. கான்பூர் மாணவர் மூவர் தொடங்கிய ஷேர்சாட், ஆங்கிலத்தை விலக்கி இந்திய மொழிகளிலேயே நடந்துவந்த செயலி. தமிழ் வாழ்த்துப் படங்களும் நிலைத்தகவல் காணொலிகளும் அதன்வழியே நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன. அந்நிறுவனம் தடை வந்த சில நாள்களிலேயே 'மோஜ்' என்னும் குறுங்காணொலிச் செயலியை வெளியிட்டது. டெய்லிஹண்ட் நிறுவனத்தாரின் 'ஜோஷ்', எம்.எக்ஸ். நிறுவனத்தின் 'டகாடக்' என்பனவும் அதே ஜூலையில் வந்தன. ரொபோசோ, சிங்காரி முன்பே இருந்தவை. அவற்றுக்கும் பெருங்கூட்டம் வந்தது. 'மித்ரோன்' என்பது தடைக்கு முன்னரே சில வாரங்களில் 50 இலட்சம் பதிவிறக்கங்களைக் கண்டு சுதேசிச் செயலி எனப் புகழப்பெற்றது. அதன் மூல நிரல் பாகிஸ்தானிய நிறுவனம் ஒன்று 34 டாலருக்கு விற்றது எனப் பின்னர்த் தெரியவந்தமை, சந்தை வரலாற்றில் நகைச்சுவைக்கும் இடமுண்டு என்பதைக் காட்டும்.

முதலீடும் பெருகியது. 2022 பிப்ரவரியில் டகாடக்கை ஷேர்சாட் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜோஷின் தாய் நிறுவனம் 80.5 கோடி டாலர் திரட்டியது. இரு நிறுவனங்களின் மதிப்பும் ஏறத்தாழ 500 கோடி டாலர் என்று பேசப்பட்டது. ஆனால் 2023 ஜனவரியில் ஷேர்சாட் தன் பணியாளருள் ஐந்தில் ஒரு பங்கினரை நீக்கியது. அதன் மதிப்பும் பின்னர்ப் பெரிதும் சரிந்தது. கூட்டம் வந்தும் ஏன் இந்நிலை? காணொலியைச் சேமிக்கவும் அனுப்பவும் ஆகும் செலவு, எழுத்தையோ படத்தையோ அனுப்பும் செலவினும் பன்மடங்கு. ஆள் சேர்க்க விளம்பரச் செலவு. புகழ்பெற்ற கலைஞர்களைத் தம்பக்கம் ஈர்க்க முன்பணம். இவற்றுக்கு எதிரே வரவு என்பது விளம்பரம் ஒன்றே. அவ்விளம்பரத்துக்கு நம் சிற்றூர்ப் பார்வையின்மேல் கிடைக்கும் விலையோ மிகக் குறைவு. நாமக்கல் கணக்கில் சொன்னால், லாரிகள் நிறைய ஓடின. வாடகை டீசலுக்கே போதவில்லை.

வென்றவர் வேறிடத்திலிருந்து வந்தனர். 2020 ஜூலையில் இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' பகுதியை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் 'ஷார்ட்ஸ்' சோதனையை உலகில் முதன்முதலாக இந்தியாவிலேயே தொடங்கியது. இவை புதிய கடைகள் அல்ல, பழைய பெருங்கடைக்குள் திறந்த புதிய அறைகள். யூடியூப் ஆண்ட்ராய்டு கைப்பேசியோடே வருவது. அதற்கு ஆள் சேர்க்கும் செலவு இல்லை. விளம்பரதாரர் ஏற்கெனவே வாயிலில் வரிசையில் நிற்கின்றனர். 2023-ஆம் ஆண்டில் உலகில் மிகுதியாகப் பதிவிறக்கப்பட்ட செயலி இன்ஸ்டாகிராம் எனச் சென்சார் டவர் கணக்கிட்டது: 76 கோடியே 70 இலட்சம், டிக்டாக் 73 கோடியே 30 இலட்சம். ஆனால் அவ்வாண்டின் இறுதிக்காலாண்டில் பயனர் ஒருவர் நாள்தோறும் செலவிட்ட நேரம் டிக்டாக்கில் 95 நிமிடம், இன்ஸ்டாகிராமில் 62 நிமிடம். தொடக்கம் முதல் மக்கள் செயலிக்குள் செலவிட்ட மொத்தப் பணத்திலும் டிக்டாக்கே அவ்வாண்டு 1,000 கோடி டாலரைக் கடந்தது; விளையாட்டு அல்லாத செயலி எதுவும் அதற்குமுன் எட்டாத எல்லை அது. பதிவிறக்கத்தில் ஒருவர் முந்த, நேரத்திலும் பணத்திலும் மற்றவர் முந்தியதைக் கவனிக்க வேண்டும். இந்தியா நீங்கிய பின்னரே டிக்டாக் இவ்வளவு பணம் ஈட்டியது என்பது நம் சிந்தனைக்குரியது.

ஒளிப்படச் செயலிகளின் கதை சற்று வேறுபட்டது. இவை காட்டும் இடங்கள் அல்ல; கருவிகள். 2016-இல் நிழற்படத்தை ஓவியமாக மாற்றிய பிரிஸ்மா ஒரு கோடைக்குள் உலகப்புகழ் பெற்று, அவ்வளவு விரைவில் மறக்கவும் பட்டது. கருவி ஒன்றின் புதுமையைப் பெரிய மேடைகள் சில மாதங்களில் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. நிலைத்திருப்பவை சந்தா முறையைப் பற்றியவை. ஆர்மீனியாவில் தோன்றிய பிக்ஸ்ஆர்ட், கொரியாவின் கைன்மாஸ்டர் முதலியன இலவசப் பதிப்பில் தம் முத்திரையைப் படத்தின் மேல் பதித்து, அதை நீக்கப் பணம் கேட்கின்றன. நம்மவர் இதற்குக் கண்ட வழி ஒன்றுண்டு: முத்திரை நீக்கப்பட்ட 'மோட்' பதிப்பு என்னும் திருட்டுப் பதிப்பு. அது கைப்பேசிக்குக் கேடு விளைவிக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, அதனால் நம் நாடு இக்கருவிகளின் கணக்கில் கூட்டமாக மட்டுமே தோன்றி வருவாயாகத் தோன்றாது போயிற்று. 2020 ஜூலையில் யூ.பி.ஐ. வழியே தானாகச் சந்தா செலுத்தும் வசதி வந்தபின், கடன் அட்டை இல்லாதவரும் மாதந்தோறும் சிறுதொகை செலுத்த இயன்றது.

இனி, காணொலி எடுப்பவர்க்கு வருவது என்ன என்னும் வினாவுக்கு வருவோம். முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. மறுநாள் அது நாளிதழில் வருகிறது. தேநீர்க் கடையில் பேசப்படுகிறது. அறிவித்த விலையிலிருந்து குறைத்து வாங்கும் 'மைனஸ்' வழக்கம் பற்றிப் பண்ணையாளர்க்கு நெடுநாளைய மனக்குறை உண்டு. ஆயினும் குறைத்தது எத்தனை காசு என்பதாவது அவர்க்குத் தெரிகிறது. காணொலிப் பார்வைக்கு அத்தகைய அறிவிப்பு ஏதும் இல்லை. ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விலை மாதத்திற்கு மாதம் மாறும். தீபாவளிக்கு ஏறும், பண்டிகை கழிந்தால் இறங்கும். ஒரே தமிழ்க் காணொலியைச் சங்ககிரியில் ஒருவர் பார்ப்பதற்கும் சிங்கப்பூரில் ஒருவர் பார்ப்பதற்கும் விலை வேறு. மாத முடிவில் தொகை வந்த பின்னரே எடுத்தவர் தம் சரக்கின் விலையை அறிகிறார்.

எனினும் பங்கீட்டு விதிகளை யூடியூப் வெளிப்படையாகவே கூறியுள்ளது. அவற்றை அறிந்தவர் நம்மிடையே சிலரே. நெடிய காணொலியில் வரும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு எடுத்தவர்க்கு உரியது. குறுங்காணொலிக்கு 2023 பிப்ரவரியிலிருந்துதான் பங்கு கிடைக்கிறது. அதன் முறையும் வேறு. குறுங்காணொலிகளுக்கு இடையே வரும் விளம்பரங்களின் வருவாய் முழுவதும் ஒன்றாகத் திரட்டப்படுகிறது. இசை எதுவும் சேராத காணொலியாயின் அதன் பார்வைகளுக்குரிய பணம் முழுவதும் படைப்பாளர் தொகுப்பில் சேரும். ஒரு பாடலைப் பயன்படுத்தினால் பாதி இசை உரிமையாளர் பக்கம் போய்விடும். இரு பாடல்களாயின் மூன்றில் இரண்டு பங்கு போகும். எஞ்சிய தொகுப்பை நாட்டுவாரியாகப் பார்வை விகிதப்படி பகிர்ந்து, ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கியதில் நூற்றுக்கு 45-ஐ வழங்குகின்றனர். இத்தனைக்கும் தகுதி பெற 1,000 சந்தாதாரர் வேண்டும். அத்துடன் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் குறுங்காணொலிக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். திரைப்பாடலுக்கு வாயசைக்கும் காணொலிக்குக் கூட்டம் எளிதில் சேர்வதும், காசு அவ்வாறு சேராததும் இதனால் விளங்கும். இன்ஸ்டாகிராமில் இவ்வாறான பொதுவான விளம்பரப் பங்கீடு நம் நாட்டில் வேரூன்றவில்லை; அங்கே வருவாய் என்பது பெரும்பாலும் கடைக்காரரிடம் நேரே பேசிப் பெறும் விளம்பரக் கூலியே.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் பேரர்களும் நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் அலைவரிசையாயிற்று. அவர்கள் நெடிய காணொலியையே நம்பினர். அம்மி அரைக்கும் ஓசையும் எண்ணெய் பொரியும் ஓசையுமே அதன் இசை. உரிமை கோர எவருமில்லை. இதை அவர்கள் கணக்குப் போட்டுச் செய்தனரோ, இயல்பாகச் செய்தனரோ, பயன் ஒன்றே. இந்தியப் படைப்பாளர்க்கும் கலைஞர்க்கும் ஊடக நிறுவனங்களுக்கும் மூன்றாண்டுகளில் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் வழங்கியதாக யூடியூப் 2025 மே மாதம் அறிவித்தது. பெருந்தொகையே, ஆயின் அதில் பெரிய இசை, தொலைக்காட்சி நிறுவனங்களின் பங்கும் அடங்கும் என்பதை மறக்கலாகாது.

பார்வையை விற்பதைவிட, பார்வையைக் கொண்டு பொருளை விற்பதே நம் சமவெளிக்குக் கைவந்த முறை. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். சேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் வணிகர்கள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரலையில் சேலைகளை விரித்துக் காட்டுகின்றனர். விலையையும் வாட்ஸ்அப் எண்ணையும் திரையில் இடுகின்றனர். பார்த்தவர் திரையைப் படமெடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புகிறார், பணம் யூ.பி.ஐ. வழி வருகிறது, பொதி கூரியரில் போகிறது. வீட்டிலிருந்தபடியே அப்படங்களைத் தம் குழுக்களுக்கு அனுப்பிச் சிறு இலாபம் வைத்து விற்கும் பெண்கள் பலர் உள்ளனர். இவ்வணிகருக்கு ஆயிரம் பார்வைக்கு யூடியூப் என்ன தருகிறது என்பது பொருட்டன்று. செயலி அவர்க்குக் கடைத்தெரு மட்டுமே. வாடிக்கையாளரின் எண் அவர் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு தெரு மூடப்பட்டால் அடுத்த தெருவில் கடை விரிக்கலாம். 2020-இல் பின்தொடர்வோரை ஒரே இரவில் இழந்தவர்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடு அந்த எண்களின் பட்டியல்தான்.

இவ்வணிகர்க்கு ஒளிப்படச் செயலியின் ஒப்பனையே பகை என்பது நாம் கேட்டறிந்து வியந்த செய்தி. முகத்தைப் பொலிவாக்கும் வடிகட்டி சேலையின் அரக்கைச் சிவப்பாக்கும், மயில் நீலத்தைப் பச்சையாக்கும். வாங்கியவர் பிரித்துப் பார்த்து நிறம் வேறு எனக் கண்டால் சேலை திரும்பி வரும். இருவழிக் கூரியர்க் கூலியும் நட்டம். 2025 ஆகஸ்டு இறுதியில் கூகுளின் ஜெமினியில் 'நேனோ பனானா' எனப் பெயர்பெற்ற படம் ஆக்கும் வசதி வந்து, செப்டம்பரில் நாடெங்கும் பெண்கள் தம் ஒரே படத்தைக் கொடுத்துப் பழைய திரைப்பட நாயகியர் போலப் பட்டுடுத்த உருவங்களைப் பெற்று மகிழ்ந்தனர். அச்செயலி பதிவிறக்கப் பட்டியலில் முதலிடத்திற்கு ஏறியது. நெய்யப்படாத சேலையை உடுத்திக் காட்டப் பொறிக்குச் சில நொடிகள் போதும் என்றானபின், அசையாத படத்தைக் கண்டு பொருள் வாங்கத் தயங்குவார் பெருகுவர் எனக் கருத இடமுண்டு. நேரலையில் சேலை காட்டுவோர் இதற்குரிய முறையை முன்பே கைக்கொண்டுள்ளனர். வடிகட்டியை அணைத்துவிட்டு, முந்தானையை விரித்து, உட்புறத்தைத் திருப்பி நூல் ஓட்டத்தைக் காட்டி, பகல் வெளிச்சம் படும் வாயிற்பக்கம் கொண்டுபோய் மீண்டும் ஒருமுறை நிறத்தைக் காட்டிய பின்னரே விலையைச் சொல்கின்றனர்.